மலைக்குப் பெயரிடும் உரிமை

பெயரிடுவது அன்பின் செயலா, உடைமையாக்கிக் கொள்வதன் முதற்படியா? குழந்தைக்குப் பெயரிடும்போது இவ்விரண்டும் கலந்தே இருக்கின்றன. அதில் நாம் குற்றம் காண்பதில்லை. ஒரு மலைக்குப் பெயரிடும்போது என்ன சொல்வது?

தென்துருவத்திலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தொலைவில், எல்ஸ்வர்த் மலைத்தொடரில், அண்டார்க்டிகாவின் மிக உயர்ந்த சிகரம் நிற்கிறது. மனித இனம் தோன்றுமுன்னரே அங்கு நின்ற அது, 1958-இல்தான் அமெரிக்கக் கடற்படை விமானங்களிலிருந்து முதன்முதலாகக் காணப்பட்டது. துருவ ஆய்வுக்கு ஆதரவளித்த ஜார்ஜியா மாநில நாடாளுமன்ற உறுப்பினர் கார்ல் வின்சனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மனிதன் அதன்மேல் கால் வைத்தது 1966 டிசம்பர் 18 அன்று. தொடக்கத்தில் 5,140 மீட்டர் எனக் குறிக்கப்பட்ட அதன் உயரம், 2004-இல் செயற்கைக்கோள் துணையுடன் அளந்தபோது 4,892 மீட்டர் ஆயிற்று. மலை தாழ்ந்துவிடவில்லை, நம் கணக்குத்தான் திருந்தியது.

இங்கே பெயரிட்டதால் எவருக்கும் தீங்கில்லை. பறிக்கப்பட அங்கே வேறு பெயர் இல்லை. அழைத்துப் பழகிய மக்களும் இல்லை. இத்தகைய நிலை உலகில் அரிதினும் அரிது.

வடதுருவ வட்டத்திற்குச் சற்றே தெற்கில், அலாஸ்காவில், கதை வேறு. அங்குள்ள உயர்ந்த மலையைக் கோயுகான் மக்கள் 'தெனாலி' என்பர்; 'உயர்ந்தது' என்பது பொருள். (நம் விகடகவியின் ஊருக்கும் இதற்கும் தொடர்பில்லை!) 1896-இல் தங்கம் தேடி வந்த ஒருவர், அவ்வாண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற மெக்கின்லியின் பெயரை அதற்கு இட்டார். 1917-இல் அதுவே அரசின் பெயராயிற்று. 2015-இல் பழைய பெயர் மீண்டது. 2025 ஜனவரியில் ஓர் ஆணை மெக்கின்லியை மறுபடியும் கொண்டுவந்தது. ஆளில்லா மலை என்று எண்ணிப் பெயரிடுகிறோம். அதன் அடிவாரத்தில் ஒரு மொழி வாழ்வதைக் கேட்க மறந்துவிடுகிறோம். இது அறியாமை மட்டுமா? முதன்முறை வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். இரண்டாம் முறைக்கு அந்தச் சாக்கு ஏது?

வின்சன் மலைக்கு இந்தப் பழி இல்லை. 1959-இல் பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அக்கண்டத்தின்மீது புதிதாக எவரும் நில உரிமை கோரலாகாது என்கிறது. ஆண்டுதோறும் அச்சிகரத்தில் ஏற வருவோர், தங்கள் உடற்கழிவைக்கூடப் பைகளில் கட்டிச் சுமந்துகொண்டே இறங்குகிறார்கள்.