பிக்சல் பொம்மைக்குக் காரணம் யார்?

பிக்சல் பொம்மை என்பது கணினித் திரையில் ஒவ்வொரு புள்ளியாக நிறமிட்டு வரையப்படும் சிறு மனித உருவம். உயரம் பெரும்பாலும் நூறு, இருநூறு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அதற்கு முகம் உண்டு, கூந்தல் உண்டு, மடிப்பு விழும் பாவாடை உண்டு. துணியோ மரமோ மண்ணோ கிடையாது. 1990களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பள்ளி, கல்லூரி வயதுப் பெண்கள் பலர் இதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். சிலர் இன்றும் தொடர்கின்றனர். விற்பதற்கோ வேலைக்கோ அல்லாமல் தன் விருப்பத்துக்காக மட்டும் செய்யப்படும் இந்தச் சின்னக் கலை, தத்துவத்தின் பழைய கேள்வி ஒன்றை எதிர்பாராத கூர்மையோடு எழுப்புகிறது. என்ன செய்தவரை ஒரு பொருளைப் படைத்தவர் என்று சொல்வது?

இதன் பிறப்பிடம் 'தி பேலஸ்' என்ற அரட்டை மென்பொருள். ஜிம் பம்கார்ட்னர் உருவாக்க, 1995இல் வெளிவந்தது. படங்களாக வரையப்பட்ட அறைகளில் பலர் கூடிப் பேசலாம். பேசுபவர் ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் தேவை. அந்த உருவத்தை 44க்கு 44 புள்ளி அளவுள்ள துண்டுகளால் அமைக்க வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் ஒன்பது துண்டுகள்வரை அணியலாம். மென்பொருள் தந்த வட்ட முகத்தை ஒதுக்கிவிட்டு, துண்டுகளை அடுத்தடுத்து ஒட்டி முழு உடலும் ஆடையும் கொண்ட பொம்மைகளைச் சிலர் செய்யத் தொடங்கினர். உடையை மாற்றி மாற்றி அணிவிக்கும் ஆசை அதற்கு வெகுகாலம் முந்தியது. 1810இல் லண்டனில் ஃபுல்லர் பதிப்பகம் 'லிட்டில் ஃபேனி' என்ற காகிதப் பொம்மையை ஆடைகளோடு விற்றது. ஜப்பானில் 1991இலேயே கணினியில் பொம்மைக்கு உடை மாற்றும் மென்பொருள் இருந்தது.

வரைவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் வேண்டியது 'பேஸ்': ஆடையோ கூந்தலோ இல்லாத வெற்றுடல். கை கால்களின் நிலையும் தலையின் சாய்வும் இதிலேயே முடிவாகிவிடும். பெரும்பாலோர் பேஸைத் தாமே வரைவதில்லை. உடலமைப்பை நன்கு வரையத் தெரிந்த ஒருவர், 'என் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்' என்ற நிபந்தனையோடு பொதுவில் வைத்ததை எடுத்துக்கொள்கின்றனர். அதன்மேல் ஆடையின் வெளிக்கோடு வரும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் வெளிச்சத்திலிருந்து நிழல்வரை நான்கைந்து சாயல்கள் எடுத்து வைக்கப்படும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை முதலிலேயே தீர்மானித்து, துணி மடிப்புகளில் அந்தச் சாயல்களைப் புள்ளி புள்ளியாக இட வேண்டும். அப்படித் தீர்மானிக்காமல் எல்லா ஓரத்தையும் கருமையாக்கி நடுவை வெளுப்பாக்கினால் உருவம் உப்பித் தெரியும். 'பில்லோ ஷேடிங்' எனப்படும் இது, புதிதாக வரைபவர்கள் அதிகம் செய்யும் பிழை. கூந்தல்தான் கடைசி, அதுதான் கடினமும்.

கருவி எளியது. விண்டோஸ் கணினியோடு வரும் பெயிண்ட் போதும். படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கி, பென்சில் கருவியால் கட்டம் கட்டமாக நிரப்பலாம். சேமிப்பது பெரும்பாலும் ஜிஃப் கோப்பாக. கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் வெளியிட்டு 1989இல் விரிவாக்கிய இந்த வடிவத்தில், நடைமுறையில் ஒரு படத்துக்கு 256 நிறங்கள்தாம். ஒரு புள்ளி முழுதாகத் தெரியும், இல்லையென்றால் முழுதாக மறையும். பாதி மறைந்த நிலை கிடையாது. ஆகவே உருவத்தின் ஓரம் பின்னணியில் மெல்லக் கரையாது. வளைகோடு படிக்கட்டாகத் தெரியாமலிருக்க, அதன் மூலைகளில் இடைநிறப் புள்ளிகளை வைக்க வேண்டும். சற்றுப் பெரிய மென்பொருள்களின் தூரிகை இதைத் தானே செய்துவிடும். அப்படிச் செய்தது 'டூல் ஷேடிங்', கையால் வைத்தது 'பிக்சல் ஷேடிங்'. பார்ப்பவர் கண்ணுக்குச் சிலவேளை வேறுபாடே தெரியாத இந்த இரண்டுக்கும் நடுவே வரைபவர்கள் கறாராகக் கோடு கிழித்திருக்கின்றனர். கேள்வி அந்தக் கோட்டில்தான் தொடங்குகிறது.

எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்கள் வேண்டும் என்பது சைவ சித்தாந்தத்தின் பகுப்பு. குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவர் நிமித்த காரணம். உலகத் தோற்றத்தை விளக்கும்போது அதே மூன்று இடங்களில் மாயையும் சத்தியும் சிவமும் நிற்கும். பிக்சல் பொம்மைக்கு இந்தப் பகுப்பைப் பொருத்தினால் துணைக்காரணத்தில் சிக்கல் இல்லை: மவுஸ், மென்பொருள், திரை. நிமித்த காரணமும் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் என்றே முதலில் தோன்றும். இடறுவது முதற்காரணத்தில்தான். குடத்தின் மண்ணுக்கு ஈடாக இங்கே இருப்பது எது? திரையின் ஒளி என்றால், திரையை அணைத்த பிறகும் பொம்மை கோப்பில் இருக்கிறது. வட்டில் பதிந்த காந்தக் குறிகள் என்றால், அதே பொம்மையை வேறு வட்டுக்கு மாற்றலாம். பழைய வட்டை உடைத்தே போடலாம். எஞ்சுவது எண்களின் வரிசை: இந்த இடத்தில் இந்த நிறம், அடுத்த இடத்தில் அடுத்த நிறம். எண்ணை மண்ணைப் போல ஒரு பருப்பொருள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எண் வரிசை என்று ஒப்புக்கொண்டதும் இன்னொரு சங்கடம் எழுகிறது. 44க்கு 44 என்ற சதுரத்தில் 1936 புள்ளிகள். ஒவ்வொன்றும் 256 நிறங்களில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம் என்றால், அந்தச் சதுரத்தில் வரையத்தக்க மொத்தப் படங்களின் எண்ணிக்கை 4663 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்களை எண்ணினால் ஏறத்தாழ 80 இலக்கங்களில் முடிந்துவிடும் என்பது பரவலான மதிப்பீடு; அதோடு ஒப்பிட்டால் இந்த எண்ணின் பருமன் புரியும். ஆனாலும் அது முடிவுள்ள எண். இதுவரை வரையப்பட்டதும் இனி வரையப்படப்போவதுமான அந்த அளவும் அந்த நிறங்களும் கொண்ட பொம்மை ஒவ்வொன்றும், யாரும் மவுஸைத் தொடும் முன்பே, அந்தப் பட்டியலில் ஓர் இடத்தில் இருக்கிறது. அப்படியானால் வரைபவர் செய்வது படைப்பா, கண்டெடுப்பா?

இந்தியத் தத்துவ மரபு இந்த வழக்கை நெடுங்காலம் விசாரித்திருக்கிறது. காரியம் காரணத்தில் முன்பே உள்ளது என்பது சற்காரியவாதம். சாங்கியரின் நிலை அது. முன்பு இல்லாதது புதிதாகத் தோன்றுகிறது என்பது அசற்காரியவாதம். நியாய, வைசேடிகர் அதைச் சொல்வர். குடம் மண்ணிலேயே இருந்ததென்றால் குயவர் ஏன் பாடுபட வேண்டும், மண்கட்டியில் ஏன் தண்ணீர் மொள்ள முடியவில்லை என்பது அவர்கள் தொடுக்கும் வினா. இல்லாதது தோன்றும் என்றால் எதிலிருந்தும் எதுவும் தோன்றலாமே என்பது எதிர்த்தரப்பின் மறுமொழி. மண் குடத்தைப் பொறுத்தவரை இது ஊகத்தின் எல்லைக்குள் நிற்கும் வாதம். பிக்சல் பொம்மையில் சற்காரியவாதிக்கு ஒரு கணக்கே கிடைத்துவிடுகிறது. காரணத்தில் காரியம் எங்கே ஒளிந்திருந்தது என்று கேட்டால் வரிசை எண்ணைச் சொல்லிவிடலாம்.

சித்தாந்தமும் சற்காரியத்தை ஏற்பதுதான். ஆனால் அது ஒரு படி மேலே போகிறது. காரணத்தில் உள்ளது சூக்குமமாக, வெளிப்படாமல் இருக்கிறது. மாயை சடம், தானாக ஒரு வடிவத்தைத் தேர்ந்து வெளிப்படுத்த அதற்கு அறிவில்லை. ஆகவே முன்பே உள்ளதை வெளிப்படுத்துவதற்கும் அறிவுடைய ஒரு கர்த்தா தேவை. இறைவனை நிறுவ எடுத்த இந்த வாதம், அளவில் எத்தனையோ சிறிய பொம்மைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. 4663 இலக்கப் பட்டியலில் மிகப்பெரும்பாலானவை வெறும் நிறச்சிதறல். முகம், தோள், மடிப்பு என்று கண்ணுக்குப் பொருள்படுபவை அதில் மிக அரிதாகக் கிடப்பவை. பட்டியலுக்குத் தன்னில் எது முகம் என்று தெரியாது. இடது கன்னத்தில் ஒரு புள்ளியைச் சற்றே மங்கலாக்கி, பார்த்து, பிடிக்காமல் பழையபடி மாற்றுகிறவருக்குத் தெரியும். சாங்கியரின் கணக்கும் நியாய மரபினரான நையாயிகரின் உழைப்பு வாதமும் இந்த இடத்தில் ஒருசேர நியாயம் பெறுகின்றன: வடிவம் புதிதன்று, தேர்வு புதிது.

தேர்வு என்றால் எத்தனை தேர்வு என்ற கேள்வியும் வரும். புள்ளிகளை விட்டால் பொம்மை என்று தனியே ஒன்று உண்டா? அவயவங்களுக்கு வேறாக அவயவி என்ற முழுமை உண்டு என்பர் நையாயிகர். உறுப்புகளின் கூட்டத்துக்கு நாம் இட்ட பெயரே முழுமை என்பர் பௌத்தர். எட்டு மடங்கு பெரிதாக்கிய திரையில் பௌத்தர் பக்கம் வலுக்கிறது. அங்கே தெரிவது பழுப்புச் சதுரங்கள் மட்டுமே. இயல்பான அளவுக்குச் சுருக்கியதும் நையாயிகர் வென்றுவிட்டது போல் இருக்கும். வரைபவர் இந்த இரண்டு காட்சிகளுக்கு இடையே ஓயாமல் போய்வருகிறார். ஒரு புள்ளியை வைப்பது ஒரு காட்சியில். அது சரியா என்று தீர்ப்பது மற்றொன்றில். தூரிகைக் கருவி இந்தப் போக்குவரத்தைக் குறைத்துவிடுகிறது. ஒரே இழுப்பில் நூறு புள்ளிகள் யாரும் தீர்மானிக்காமலே விழுகின்றன. டூல் ஷேடிங் தாழ்வானது என்ற வரைபவர்களின் எண்ணம் வெறும் வறட்டுக் கௌரவம் அல்ல என்பதற்கு இதுவே காரணம். ஆனால் அதைப் பாவமாகவே கருதுவது மிகை. துணைக்காரணம் இல்லாத காரியம் எதுவும் இல்லை.

தேர்ந்து செய்ததை நகலெடுத்தால் என்ன ஆகும்? தத்துவ அறிஞர் நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட 'லாங்வேஜஸ் ஆஃப் ஆர்ட்' நூல் கலைகளை இரண்டாகப் பிரித்தது. ஓவியத்தில் மூலம், போலி என்ற வேறுபாடு உண்டு. எவ்வளவு துல்லியமாகப் பகர்த்தினாலும் நகல் நகல்தான். இசைக்கோவைக்கோ கவிதைக்கோ அப்படி இல்லை. குறியீடு பிசகாமல் எழுதப்பட்ட ஒவ்வொரு பிரதியும் அந்தப் படைப்பேதான். பிக்சல் பொம்மை பார்க்க ஓவியம். அமைப்பில் இசைக்கோவையின் இனம். வரிசையும் நிற எண்ணும் சொன்னால் தொலைபேசியிலேயே அதை மற்றொருவருக்கு முழுமையாகக் கொடுத்துவிடலாம். நகலெடுத்தால் மூலத்துக்கு எந்தக் குறையும் நேர்வதில்லை. சொல்லப்போனால் மூலம் என்று ஒன்று இல்லவே இல்லை.

ஆயினும் இந்தப் பொழுதுபோக்கில் மிகக் கடுமையாகக் கண்டிக்கப்படும் குற்றம் திருட்டுதான். ஒரு பொம்மையின் கூந்தலையும் மற்றொன்றின் சட்டையையும் வெட்டி ஒட்டித் தன் பெயரில் வைப்பதற்கு 'ஃபிராங்கன்டால்' என்று பெயர். எதுவும் குறையாதபோது எது திருடப்பட்டது? காரணப் பகுப்பு இதற்கு நேராக விடை தருகிறது. பொருள் எடுக்கப்படவில்லை; 'இதற்கு நிமித்த காரணம் நான்' என்ற பொய் சொல்லப்பட்டது. ஆயிரம் தேர்வுகளைச் செய்தவர் ஒருவர், அவற்றைச் செய்ததாகச் சொல்பவர் வேறொருவர். பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்று பேஸ் வரைபவர்கள் பலர் கேட்பதும் இதனால்தான். அவர்கள் கேட்பது விலை அல்ல, காரணத்தைப் பற்றிய உண்மை.

'காரணம் நான்' என்ற கூற்றை இன்னும் உயரமான இடத்தில் வைத்துப் பார்ப்பது இஸ்லாமிய மரபு. உருவம் தருபவன் என்பது அங்கே இறைவனின் திருநாமங்களில் ஒன்று. உயிருள்ளவற்றின் உருவங்களைச் செய்தவர்கள், செய்தவற்றுக்கு உயிர் கொடுக்குமாறு மறுமையில் கேட்கப்படுவார்கள் என்று ஹதீஸ் (நபிமொழி) உண்டு. அதைத் தரும் புகாரி, முஸ்லிம் ஹதீஸ் தொகுப்புகளிலேயே, நபியின் வீட்டில் தாம் பொம்மைகளோடு விளையாடியதை அவருடைய துணைவியார் ஆயிஷா நாயகி சொல்லும் செய்தியும் இருக்கிறது. குழந்தைகளின் பொம்மைகள் விலக்குப் பெற்றவை என்று சட்ட அறிஞர்கள் பலர் தீர்ப்பளித்தது அதைக் கொண்டே. அந்த அனுமதி பின்னர் நீக்கப்பட்டதென்று வாதிட்டவர்களும் உண்டு. புகைப்படம் பரவிய பிறகு, எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, அது நிழலைப் பிடித்து நிறுத்துவதே தவிர உருவம் படைப்பது அல்ல என்று அதை அனுமதித்தார். பிக்சல் பொம்மைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அதில் பிடித்து நிறுத்த எந்த நிழலும் இல்லை, கை வைத்த புள்ளிகள்தாம் உள்ளன. ஆனால் விளையாட்டுப் பொம்மை என்ற வாசல் அதற்குத் திறந்திருக்கிறது. அதை விளையாட்டாகக் கொள்வதா, உருவம் படைத்தலாகக் கொள்வதா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடலாம். விசாரணையின் மையம் மட்டும் சித்தாந்தத்தில் கண்டதேதான்: படைத்தல் என்ற செயலை யாருக்கு உரியதாக்குவது?

தேர்வே இல்லாத பிக்சல் உருவங்களும் வந்துவிட்டன. 2017இல் லார்வா லேப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'கிரிப்டோபங்க்ஸ்' 24க்கு 24 புள்ளி அளவுள்ள 10,000 முகங்கள். தொப்பி, கண்ணாடி, தாடி முதலிய உறுப்புகளை மனிதர்கள் வரைந்தனர். அவற்றை ஒரு நிரல் கலந்து முகங்களாக்கியது. 2021 மே மாதம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அவற்றுள் ஒன்பது ஏறத்தாழ 1.7 கோடி டாலருக்குப் போயின. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு பெண்பிள்ளைகள் இரவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக வரைந்ததை எந்த ஏல நிறுவனமும் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபிராங்கன்டாலை இயந்திரத்தை வைத்துப் பத்தாயிரம் முறை செய்தபோது கலை உலகம் எழுந்து நின்றது. கிரிப்டோபங்க்ஸ் முகத்துக்கு நிமித்த காரணம் உறுப்புகளை வரைந்தவரும் நிரலை எழுதியவருமே என்று சொல்லலாம். குறிப்பிட்ட அந்த ஒரு முகத்தை வேண்டும் என்று நினைத்தவர் மட்டும் யாரும் இல்லை.

எஞ்சியிருப்பது பேஸ் பற்றிய வழக்கு. இரவல் பெற்ற உடலின் கையை மடக்கி வரையலாம், தலையைத் திருப்பலாம், தோலின் நிறத்தை மாற்றலாம். சிலர் மாற்றவே கூடாது என்பர். பலர் மாற்றலாம் என்பர். மாற்றி மாற்றிக் கடைசியில் பழைய புள்ளி ஒன்றுகூட அதன் இடத்தில் இல்லாமல் போனாலும், முதலில் வரைந்தவர் பெயரையே குறிப்பிட வேண்டும் என்பது பரவலான வழக்கம். ஒப்புமையை மட்டும் பார்த்தால் இது பொருந்தாத விதி. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் உறவே தெரியாது. மறுபுறம், ஒருவர் தாமாகவே வரைந்த உடல் தற்செயலாக மற்றொருவருடைய பேஸைப் போலவே அமைந்துவிட்டால் அதற்கு அவர் யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. வடிவத்தில் ஒன்றாக இருப்பவை வேறாகவும், வேறாக இருப்பவை ஒன்றாகவும் இங்கே கொள்ளப்படுகின்றன. பொம்மையின் அடையாளம் அதன் 1936 புள்ளிகளில் இல்லை. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்து எந்தெந்தத் தேர்வுகளால் இப்படி ஆயிற்று என்ற வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைக் கோப்பில் எந்த எண்ணும் பதிவு செய்வதில்லை. படத்தின் ஓரத்தில் வரைந்தவர் சேர்க்கும் சிறிய பெயர் ஒன்றே அதற்குச் சாட்சி. அதையும் புள்ளி புள்ளியாகத்தான் எழுத வேண்டும், அழிப்பதும் அவ்வளவு எளிது.