கேட்டதெல்லாம் அறிவாகுமா?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2010 சனவரியில் ஒரு கணிப்பொறி வாசிக்கத் தொடங்கியது. பேராசிரியர் டாம் மிட்செல் குழுவினர் அதற்கு இட்ட பெயர் ‘நெல்’. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம்தான்; நம் செவிக்கோ வயலும் களத்துமேடும் நினைவுக்கு வருகின்றன.

இரவு பகலாக இணையப் பக்கங்களை வாசித்து உண்மைகளைத் தானே திரட்டுவது அதன் பணி. நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வகைகளும், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகளுமே தொடக்க முதல். சில நகரங்களின் பெயர் தெரிந்தால், ‘இன்ன ஊரின் மேயர்’ என்னும் தொடரில் நகரப் பெயர் வருவதைக் கண்டுகொள்ளும். பின்பு அத்தொடரைக் கொண்டே புதிய நகரங்களைக் கண்டுபிடிக்கும். 67 நாட்களில் 2,42,000-க்கும் மேற்பட்ட செய்திகளைச் சேர்த்தது. அவற்றுள் நூற்றுக்கு 74 சரியானவை என மதிப்பிட்டனர்.

நெல்லோடு பதரும் வந்தது. ‘குக்கி’ என்பது அடுப்பில் சுட்ட தின்பண்டம்; இணையதளங்கள் நம் கணிப்பொறியில் விட்டுச்செல்லும் குறிப்புகளுக்கும் அதுவே பெயர். பின்னதையும் தின்பண்டம் என்றே கணிப்பொறி நம்பிற்று. ‘குக்கிகளை அழித்தேன்’ என்பது போலவே ‘கோப்புகளை அழித்தேன்’ என்றும் மக்கள் எழுதுவதால், கோப்புகளும் தின்பண்டமாயின! ஒரு பிழை அடுத்த பிழைக்கு ஆசிரியராகிவிட்டது. ஏறத்தாழ ஆறு மாதத்திற்குப் பின் ஆய்வாளர்களே இடையிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று.

பிறர் சொல்லை நம்புவதே தவறோ? அன்று. நம் பெற்றோர் இன்னார் என்பதைக்கூடப் பிறர் சொல்லித்தானே அறிகிறோம் என்று தூய அகுஸ்தினார் சுட்டிக்காட்டினார். குருமடத்தில் நாம் பயின்ற மற்றொருவர் கர்தினால் நியூமன். உள்ளத்தின் இசைவுக்கு அளவுப் படிகள் இல்லை. இசைந்தால் முழுமையாகவே இசைகிறோம் என்பது 1870-இல் அவர் வெளியிட்ட நூலின் வாதம். அக்கணிப்பொறியோ தன் ஒவ்வொரு நம்பிக்கைக்கும் உறுதியின் அளவை எண்ணால் குறித்து வைத்தது. புதிய சான்று கிடைத்தால் அந்த எண் மாறும். இந்த ஒன்றில் அது நம்மைவிட அடக்கமுடையது என்றே சொல்லத் தோன்றுகிறது. நாமோ இறைவனுக்குரிய முழு இசைவை அண்டை வீட்டாரைப் பற்றிய வதந்திக்கு எளிதாக அளித்துவிடுகிறோம்.

இதைப் பிறரைக் குறித்து மட்டும் எழுதவில்லை. முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், உபதேசியார் ஞாயிறு காணிக்கையில் கை வைக்கிறார் என்று மூவர் தனித்தனியே நம்மிடம் கூறினர். மூன்று சாட்சிகள் எனக் கணக்கிட்டோம். பணப்பெட்டியின் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மூவரும் ஒரே வாயிலிருந்து கேட்டவர்கள் என்பதும், அந்த ஒருவர் கணக்கேட்டைத் தவறாகப் படித்திருந்தார் என்பதும் பின்னரே தெரிந்தன.

கணிப்பொறியின் ஏட்டில் பிழையைத் தேடி நீக்கலாம். நாம் உபதேசியாரின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். சாவியை நீட்டினோம். அவர் மனைவிதான் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.