யாருக்குப் பூங்கா?

பூங்கா என்றதும் புலவருக்குப் புன்னை நினைவுக்கு வரும். காதலருக்குத் தனிமை நினைவுக்கு வரும். நமக்கோ பூட்டு நினைவுக்கு வருகிறது!

சென்னை தியாகராய நகரில் பனகல் பூங்கா இருக்கிறது. துணிக்கடைகள் சூழ்ந்த அந்தப் பசுமையைக் கடந்து செல்வோரில் எத்தனை பேர் அறிவர், அவ்வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஏரி அலையடித்தது என்பதை? 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் பின் சில ஆண்டுகளில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் புதுநகர் கண்டனர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு, ஏரிதான் இல்லை! நீரை இழந்த ஊருக்கு நிழலாவது மிஞ்சியது.

நகருக்கு நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயர். பூங்காவுக்கு, 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர். அவர் ஆட்சிக் காலத்தில்தான், 1924இல், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாச் சாதியாருக்கும் உரியன என்ற தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். அரசும் ஆணை பிறப்பித்தது. 'பொது' என்ற சொல்லுக்குப் பொருள் காண, ஒரு சட்டமன்றமே கூட வேண்டியிருந்தது அந்நாளில்!

இந்நாளில்? நாம் குடியிருக்கும் தெருமுனையிலும் ஒரு பூங்கா. காலையில் நடைப்பயிற்சி, மாலையில் குழந்தைகளின் ஊஞ்சல், நண்பகலில் பூட்டு. சென்ற கோடையில் ஒரு பிற்பகல். உள்ளே வேம்பு; வெளியே வெயில். மதிலோரத்துக் கையகல நிழலில், சுமைதூக்கும் தந்தையின் பக்கத்தில், நம் வகுப்பு மாணவன் ஒருவன் சுருண்டு கிடந்தான். காவலரிடம் காரணம் கேட்டோம். "திறந்து வெச்சா கண்டவங்களும் வந்து படுத்துக்கறாங்க சார். நீங்கள்லாம்தானே மனு கொடுத்தீங்க?" என்றார்.

ஆம், கொடுத்தோம்! 'தூய்மை காக்க' என்றது அம்மனு; படித்தோம், பாராட்டினோம், கையெழுத்திட்டோம். அச்சம் பொய் என்று சொல்லமாட்டோம்; தனியே நடக்கும் பெண்களுக்குத் தொல்லை நேர்ந்ததும் உண்மை. தொல்லை தந்தவனைப் பிடிக்கலாமே, தோழரே! களைத்தவனை ஏன் தள்ள வேண்டும்? 'தீட்டு' என்று சொன்னால் இன்று வழக்கு வரும். 'அழுக்கு' என்று சொன்னால் பாராட்டு வருகிறது. சொல்தான் மாறிற்று. மதிலுக்கு வெளியே நிற்பவன் மாறவில்லை. சாதியைச் சாடி மேடையில் பேசிய நாமே அந்தச் சொல்லுக்கு ஏமாந்தோம் என்பதுதான் உறுத்துகிறது.

நண்பகலிலும் கதவைத் திறக்கக் கோரி இரண்டாவது மனு எழுதினோம். பதினோரு வீடுகளுக்கு எடுத்துச் சென்றோம். இதுவரை கையெழுத்திட்டவர் நால்வர்.