கைநாட்டும் கையெழுத்தும்

வேலம்பாளையத்து வீட்டில் அப்பா விட்டுச் சென்ற தகரப் பெட்டியில் இருந்த காகிதங்களையெல்லாம் கணிப்பொறியில் ஏற்றும் வேலையை என் தங்கை மகன் மேற்கொண்டான். அத்தையின் பேத்தி குடும்ப வரலாறு எழுதப் போவதாகச் சொல்லிப் படிகள் கேட்டிருந்தாள்; அவளுக்காகத்தான் இந்தப் பாடு.

பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் பிள்ளை அவன், ஒழுங்கு தெரிந்தவன். ஆண்டு, மாதம், தேதி என்ற முறையில் பெயரிட்டால் படங்கள் தாமாகவே வரிசையில் நின்றுகொள்ளும் என்று கற்றுக்கொடுத்தான். இல்லாவிட்டால் படம் எடுத்த நாளைத்தான் கணிப்பொறி காட்டும். அறுபது வருஷத்துக் கடிதம் நேற்றுப் பிறந்ததாகிவிடும்.

ஊர்ப் பெயரில் சற்றுத் தயங்கினோம். பழைய பத்திரங்களில் வேலம்பாளையம் கோயமுத்தூர் ஜில்லாவில் இருக்கிறது. திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009இல். ஊர் மாநகராட்சிக்குள் போனது 2011இல். காகிதம் சொல்வதையே எழுதுவோம், அதைத் திருத்த நமக்கு அதிகாரமில்லை என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பேச்சு இரண்டே நாளில் என்னிடம் திரும்பி வந்தது.

1964ஆம் ஆண்டில் இரண்டு காகிதங்கள் அடுத்தடுத்து வந்து நின்றன. ஒன்று, அத்தை அப்பாவுக்கு எழுதிய கடிதம். முத்து முத்தான எழுத்து. மற்றொன்று, தகப்பனார் சொத்தில் தனக்குள்ள பாகத்தை அத்தை சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் பங்கு கொடுத்த பிறகு, எத்தனையோ வீடுகளில் இப்படி எழுதி வாங்கினார்கள். அதில் புதுமை இல்லை. ஆனால் இந்தப் பத்திரத்தின் அடியில், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று குறித்து, அத்தையின் பெயரருகே ஒரு கைநாட்டு இருந்தது.

"மாமா, இதையும் ஏத்தறதுங்களா? அவிய பாத்தா சண்டை வராதுங்களா?" என்றான் மாப்பிள்ளை.

எனக்கும் அழித்துவிடத்தான் தோன்றியது. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, கோயில் ஏடுகளை ஓமத் தீயில் இட்டுவிட்டதாகக் கேட்டு மனம் நொந்தார். அவர்கள் அறியாமல் செய்தார்கள். நான் அறிந்தல்லவா செய்யப் பார்த்தேன்!

அப்பாவுக்காகவும் வாதாடிப் பார்த்தேன். அத்தை மனமொப்பியே கொடுத்திருக்கலாம். பத்திரம் எழுதியவர் வழக்கமான வாசகத்தை எழுதியிருக்கலாம். பதில் சொல்ல முடியாத மனிதரைக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? இந்தக் கேள்வியை நேர்மையாகத்தான் கேட்டேன் என்று சொல்ல ஆசை. ஆனால் நான் உட்கார்ந்து யோசித்த திண்ணையே அந்தப் பாகத்தில்தான் இருக்கிறது. அப்பாவின் மானத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு என் திண்ணையைத்தான் காத்துக்கொண்டிருந்தேனோ, என்னவோ. அத்தையும் பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டாள். அவளுக்காகப் பேச அந்த ஒரு கடிதம் மட்டுமே இருக்கிறது.

"ஏற்று" என்றேன். பெயரில் 'போலி' என்று சேர்க்கட்டுமா என்று கேட்டான். அது காகிதத்தில் இல்லை, வேண்டாம் என்றேன். 'அத்தை கடிதம்', 'விடுதலைப் பத்திரம், கைநாட்டு' என்ற பெயர்களோடு இரண்டும் சேர்ந்தே போயின.

நான்கு நாளாகிறது. டெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கிறான்.