வயசு வரட்டும் என்று வாய் மூடாதே!

"படிக்கிற வயசில் உனக்கு எதுக்கு ஊர் வம்பு?" இந்தப் பேச்சு காதில் விழாத பிள்ளை நம் ஊரில் உண்டா? பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால் இந்தக் கேள்வி. கூடப் படிப்பவளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று பதறினாலும் இதே கேள்வி. தங்கையே, அந்தக் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவள் நீ. தம்பி, கையில் கட்டியிருக்கும் சாதிக் கயிற்றின் நிறத்தைப் பார்த்து எந்த பெஞ்சில் யார் உட்காருவது என்று முடிவாகும் வகுப்பில் தினமும் உட்காருகிறவன் நீ. உங்களுக்குத் தெரியாதது வேறு யாருக்குத் தெரிந்துவிடப் போகிறது?

பதினாறு வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் பார்பரா ஜான்ஸ். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஃபார்ம்வில் என்ற சிற்றூரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவள். 1939-ல் 180 பேருக்காகக் கட்டிய பள்ளி அது. 1951-ல் அங்கே 450 பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு படித்தார்கள். இடம் போதவில்லை என்றதும் நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? பலகைக் கொட்டகை போட்டு, மேலே தார்த்தாளைச் சுற்றிவிட்டது. மழை பெய்தால் ஒழுகும். பிள்ளைகள் வகுப்புக்குள்ளேயே குடை பிடித்தார்கள். குளிர்காலத்தில் ஒரே ஓர் அடுப்பு. பக்கத்தில் இருப்பவனுக்கு வியர்த்துக் கொட்டும், கடைசி வரிசையில் இருப்பவள் கோட்டைக் கழற்றாமல் நடுங்குவாள். அதே ஊரில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு நல்ல கட்டடம், உடற்பயிற்சிக் கூடம், உணவுக் கூடம் எல்லாம் இருந்தன.

ஒருநாள் பார்பரா தம்பி தங்கைகளைக் கிளப்பிவிடும் அவசரத்தில் தன் சாப்பாட்டை வீட்டிலேயே மறந்துவிட்டாள். எடுத்துவரத் திரும்பி ஓடினாள். அதற்குள் பஸ் போய்விட்டது. சாலையோரம் நின்றாள். வெகு நேரம் கழித்து ஒரு பஸ் வந்தது. பாதி இருக்கை காலி. ஆனால் அது வெள்ளையர் பள்ளிப் பஸ். நிற்காமல் போயிற்று.

பள்ளியின் கேவலத்தைப் பற்றித் தன் இசை ஆசிரியையிடம் அவள் ஏற்கெனவே புலம்பியிருந்தாள். நீயே ஏதாவது செய்யேன் என்பதுபோல் ஆசிரியை திருப்பிக் கேட்டுவிட்டார். முதலில் அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பிறகு அதையே பிடித்துக்கொண்டாள்.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். அவள் மறுநாளே கத்திக்கொண்டு கிளம்பவில்லை. நம்பகமான சில மாணவர்களைத் தேர்ந்தெடுத்தாள். மாதக்கணக்கில் ரகசியமாகக் கூடிப் பேசினார்கள். 1951 ஏப்ரல் 23 அன்று, நகரத்தில் நம் மாணவர்கள் சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள் என்று ஒரு தொலைபேசி அழைப்பு தலைமை ஆசிரியரை வெளியே கிளப்பியது. எல்லோரும் அரங்கில் கூட வேண்டும் என்ற சீட்டு வகுப்புகளுக்குப் போயிற்று. திரை விலகியபோது மேடையில் நின்றது தலைமை ஆசிரியர் அல்ல, பார்பரா! ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். காலில் இருந்த ஷூவைக் கழற்றிப் பலகையில் ஓங்கி அடித்தாள். அதுவரை வாய் அதிகம் திறக்காத பெண் அவள். அவள் பேசி முடித்ததும் மொத்தப் பள்ளியும் வெளிநடப்புச் செய்தது.

வழக்கறிஞர்களுக்கு மாணவிகளே கடிதம் எழுதினார்கள். பிள்ளைகளைச் சமாதானப்படுத்தி வகுப்புக்குத் திருப்பி அனுப்பலாம் என்று வந்த ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், அவர்களுடைய உறுதியைப் பார்த்து மனம் மாறினார்கள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: புதுக் கட்டடம் மட்டும் கேட்டால் போதாது, இனம் பிரித்து நடத்தும் முறையையே எதிர்க்க வேண்டும். பிள்ளைகள் சரி என்றார்கள். மே 23 அன்று 117 மாணவர்கள் பெயரில் வழக்குப் பதிவானது. 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அறிவித்தது. அந்த வழக்கில் இணைந்த ஐந்து வழக்குகளில் இந்தப் பிள்ளைகளுடையதும் ஒன்று!

இதற்கு விலை இல்லையா? இருந்தது. உன்னிடம் அதை மறைக்க மாட்டேன். சிலுவையை எரித்து மிரட்டினார்கள். பார்பராவைப் பாதுகாப்புக்காக வேறு மாநிலத்தில் இருந்த பெரியப்பா வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைமை ஆசிரியர் வேலை இழந்தார். தீர்ப்புக்குப் பணிய மனமில்லாத அந்த மாவட்டம் 1959 முதல் 1964 வரை பொதுப்பள்ளிகளையே இழுத்து மூடியது. எத்தனையோ கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பு அந்த ஐந்து ஆண்டுகளில் பாழானது. "பார், அந்தப் பெண் வாயைத் திறந்ததால் வந்த வினை" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. பூட்டுப் போட்டது பார்பரா அல்ல. கதவைப் பூட்டியவன் மேல் போக வேண்டிய பழியை, கதவைத் தட்டியவள் மேல் போடுவதை ஊர் எப்போதும் செய்யும்!

அவள் பின்னாளில் நூலகரானாள், 1991-ல் காலமானாள். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியா சார்பில் நின்ற தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2020 டிசம்பரில் அகற்றினார்கள். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையை நடத்தியவர் லீ. அவர் இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பரா ஜான்ஸை!

அமெரிக்காதான் என்றில்லை. நம் திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், பள்ளி மாணவியாக இருந்தபோதே தெருவில் கரி போட்டுத் துணி தேய்க்கும் வண்டியைப் பார்த்துச் சூரிய மின்சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார்.

உன்னிடம் மேடை இல்லை என்கிறாயா? குழந்தை தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லலாம், அதற்குப் பெரியவர்கள் மதிப்புத் தர வேண்டும் என்று ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையே சொல்கிறது. அதை ஏற்ற நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆகவே யாரும் உனக்குச் சலுகை காட்டவில்லை. உன் உரிமையைத்தான் நீ எடுத்துக்கொள்கிறாய்.

ஆனால் விவரத்தோடு பேசு. உன் பள்ளியில் எத்தனை கழிப்பறை, எத்தனை பூட்டிக் கிடக்கிறது, எந்த மாதத்திலிருந்து தண்ணீர் இல்லை என்று எண்ணி எழுது. தனியாகப் போகாதே, நாலு பேரைச் சேர். தோழிக்குக் கல்யாணம் நிச்சயிக்கிறார்கள் என்றால் அவள் படத்தைப் போட்டு ரீல்ஸ் போடாதே, அவள் மானம்தான் போகும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய். பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை அநியாயத்தைப் பார்த்துக் கொதித்தால் அடக்காதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். அவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

தம்பி, தங்கை, திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் மனு எழுது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதே. பதில் வரவில்லையா? அந்தச் சீட்டோடு மறுபடியும் போ, இந்த முறை இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு!