பாவசங்கீர்த்தனமும் மூன்றாமவரும்

தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய சொல் பாவசங்கீர்த்தனம். சங்கீர்த்தனம் என்றால் பலர் கேட்க உரக்கச் சொல்வது. குருவின் காதில் மட்டும் விழும்படி முணுமுணுக்கப்படும் ஒரு சடங்குக்கு இந்தப் பெயர் முரணாகத் தோன்றலாம். ஆனால் சடங்கின் ஆரம்பத்தைப் பார்த்தால் சொல் அப்படியொன்றும் தவறில்லை. ஆதி சபையில் கொலை, விபசாரம், விசுவாசத் துறப்பு போன்ற பெரும் பாவங்களுக்குப் பிராயச்சித்தம் ஊரறிய நடந்தது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அந்த வாய்ப்பு. 6, 7ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள் இதைத் தனிமைக்குக் கொண்டுபோனார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம் என்றும் ஆயிற்று. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் வருஷத்துக்கு ஒரு முறை கட்டாயம் என்றது. ரகசியத்தை வெளியிடும் குரு பதவியிழந்து ஆயுள் முழுதும் மடத்தில் தவமிருக்க வேண்டும் என்றும் விதித்தது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிலான் பேராயர் கார்லோ பொரோமியோ, குருவுக்கும் பாவிக்கும் நடுவே தடுப்பு வைத்த மரக் கூண்டைப் பரப்பினார். தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களில் ஒன்றான, 1580இல் கொச்சியில் வெளிவந்த கொம்பெசியொனாயரு, இந்தச் சடங்குக்கான கையேடுதான்.

இந்த அந்தரங்கத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஊர் முன்னால் தன் கீழ்மையைச் சொல்பவனிடம் கொஞ்சம் நடிப்பும் சேர்ந்துவிடுகிறது. தன் செயலுக்கு அதன் சரியான பெயரை இடுவது இருட்டில்தான் சாத்தியமாகிறது. ஐரோப்பிய மனிதனின் சுயவிசாரணைப் பழக்கத்தில் பாதி இந்தக் கூண்டில் உருவானது என்றே நினைக்கிறேன். ஆனால் கூண்டில் இரண்டு பேருக்குத்தான் இடம். அடிபட்டவனும் ஏமாற்றப்பட்டவளும் அங்கே இல்லை. தங்கள் காயத்தை முன்னிட்டு ஒரு மன்னிப்பு வழங்கப்பட்டதே அவர்களுக்குத் தெரியாது.

சபை இதை அறியாததல்ல. 1551இல் திரெந்து சங்கம் மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் என்ற மூன்றையும் பாவியின் பங்காக வகுத்தது. குரு தீர்ப்பது தெய்வத்துக்கு எதிரான குற்றத்தை; பசுவைத் திருடியவன் பசுவை ஓட்டிக்கொண்டு போய் உரியவன் கொட்டிலில் கட்டிவிட்டு வரவேண்டும். பசு விஷயத்தில் கணக்கு நேராகிவிடுகிறது. திருப்பித் தரவே முடியாததைப் பறித்தவன் என்ன செய்வது?

1880இல் முடிவடைந்த 'கரமசோவ் சகோதரர்க'ளில் இவான் எழுப்புவது இந்தக் கேள்வியைத்தான். வேட்டை நாய்களை ஏவித் தன் மகனைக் கொன்றவனைத் தாய் மன்னிக்கலாமா? அவள் தன் துயரத்துக்காக மன்னிக்கலாம். குழந்தை பட்ட வேதனைக்காக மன்னிக்க அவளுக்கும் உரிமையில்லை என்கிறான். அல்யோஷா கிறிஸ்துவைச் சுட்டுகிறான்: குற்றமின்றி ரத்தம் சிந்தியவர், ஆகவே எல்லாருக்காகவும் மன்னிக்கக் கூடியவர். கிறிஸ்தவம் சொல்லக்கூடியவற்றில் ஆகச் சிறந்த பதில் இதுதான். மன்னிக்கிறவர் தாமே பாதிக்கப்பட்டவர் என்பதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் நடைமுறையில் இந்தப் பதில் தலைகீழாகிவிடுகிறது. சிலுவையில் தொங்கியவரே மன்னித்தார், மன்னிக்கமாட்டேன் என்று சொல்ல நீ யார்? குற்றவாளி அறிக்கையிட்டு எழுந்து போய்விட்டான். விசாரிக்கப்படுவது இப்போது அடிபட்டவர். மன்னிக்காமை அவருடைய பாவம்.

கூண்டைத் திறந்து மூன்றாமவரையும் உட்காரவைத்தால் போதுமா? தென்னாப்பிரிக்கா அதைச் செய்து பார்த்தது. 1995ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ தலைவர். நிறவெறி ஆட்சிக் காலத்தில் அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுமையாகச் சொன்னவருக்குப் பொதுமன்னிப்பு, வருந்துவது நிபந்தனையல்ல. 7,000க்கு மேற்பட்ட மனுக்களில் 849 ஏற்கப்பட்டன. 1977இல் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த ஸ்டீவ் பிகோவின் குடும்பம் அந்தச் சட்டத்தையே எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போய் 1996இல் தோற்றது. அவர்கள் கேட்டது நீதி விசாரணை. 1999இல் பிகோ விஷயத்தில் போலீஸ்காரர்களின் மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. அவர்கள் முழு உண்மையைச் சொல்லவில்லை. குடும்பத்தின் மறுப்பில் கிறிஸ்தவம் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு தேசம் நல்லிணக்கத்துக்கு அவசரப்பட்டபோது, நடந்தது கொலை என்பதை அந்த மறுப்புதான் ஞாபகத்தில் நிறுத்தியது.

கடமையாக வற்புறுத்தி வாங்கப்படுவது மன்னிப்பாகாது. அது பெற்றுக்கொண்டதற்கான ரசீது. மறுக்கச் சுதந்திரம் உள்ளவர் தரும்போதுதான் மன்னிப்புக்கு மதிப்பு. கிருபை தெய்வத்தின் இஷ்டம், அதை யாரும் உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது என்று இறையியல் வற்புறுத்துகிறது. அதே சுதந்திரத்தை அடிபட்ட மனிதருக்குத் தர அது ஏன் தயங்குகிறது?

1973இல் ரோமில் சடங்குமுறை திருத்தப்பட்டது. இன்று தமிழில் அதற்கு ஒப்புரவு என்று பெயர். வள்ளுவரின் ஓர் அதிகாரத் தலைப்பில் இருக்கும் சொல். ஊரோடு கூடி வாழ்தலைப் பற்றியது. காதோடு முடிந்துவிடாத சொல். அதை ஏற்றுக்கொண்ட சபை, பாவ விமோசனம் பெற்று எழுகிறவனிடம் இனி ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: அவனுக்குக் கடன்பட்ட வீடு ஒன்று ஊரில் இருக்கிறது. அதன் கதவு கடைசிவரை திறக்காமலே போகலாம். திறக்கும்வரை தட்டிக்கொண்டே இருக்க அவனுக்கு உரிமையும் இல்லை.