எண்பத்தேழில் ஒரு பங்கு உலகம்

ஒரு மைல் நீளமுள்ள இருப்புப்பாதையை எண்பத்தேழு பங்காக்கி, அதில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் 61 அடிக்குச் சற்றே குறைவாக வரும். நாற்பது அடிச் சரக்குப் பெட்டி ஐந்தரை அங்குலமாகும். 1941 முதல் 1944 வரை யூனியன் பசிபிக் நிறுவனத்திற்காக 25 மட்டுமே கட்டப்பட்ட ‘பிக் பாய்’ என்னும் நீராவி எஞ்சின், பின்னிணைந்த நிலக்கரி வண்டியோடு சேர்த்து 132 அடி நீளமுடையது. அதுவும் ஒன்றரை அடியாகச் சுருங்கி இரு கைகளில் அடங்கும் பொருளாகிவிடும். அமெரிக்காவில் மாதிரி இரயில் அமைப்போருள் மிகப் பலர் கைக்கொள்ளும் ‘எச்.ஓ.’ என்ற அளவு இதுவே. வீட்டின் நிலவறையிலும் வண்டிக் கொட்டகையிலும், ஒட்டுப்பலகையும் சாந்தும் கொண்டு மலைகளை எழுப்பி, 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் பதித்து, அதன்மேல் தம் நாட்டுப் பழைய இரயில்களை ஓட்டுகிறார்கள். இருபது, முப்பது ஆண்டுகளை ஒரே அமைப்பில் செலவிட்டவர்களும் உண்டு.

வளர்ந்தவர்கள் பொம்மை இரயிலில் பொழுதைப் போக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. அது எனக்கு அத்துணைச் சுவையான கேள்வியாகப் படவில்லை. வீண்பொழுது என்று எதனைத்தான் சொல்ல இயலாது? இதைவிட உறுத்தும் வேறொரு கேள்வி உண்டு. மனிதன் தான் நேசிக்கும் ஒன்றைச் சிறிதாக்கித் தன் மேசைமேல் வைத்துக்கொள்ளும்போது, எதை உடன் எடுத்துக்கொள்கிறான், எதை விட்டுவிடுகிறான்? அந்தத் தேர்வுக்கு அவன் பொறுப்பாளியா?

இந்தப் பழக்கத்தின் வேர்களுள் ஒன்று நம் வாசகர்களுக்கு அந்நியமானதன்று. பென்சில்வேனியாவில் குடியேறிய மொரேவியச் சபையினர் கிறிஸ்து பிறப்பு நாளையொட்டி வீடுகளில் குடில் அமைத்தனர். குடிலைச் சுற்றிப் பாசி விரிந்தது. பாசியின்மேல் சிற்றூர் எழுந்தது. காலப்போக்கில் அவ்வூருக்குள் இரயிலும் வந்து சேர்ந்தது. மறுபுறம், 1900இல் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் தொடங்கிய ‘லயனல்’ நிறுவனம் இந்த விளையாட்டை வணிகமாக்கியது. கடையின் கண்ணாடிச் சாளரத்தில் மக்களின் பார்வையை ஈர்ப்பதற்காகவே அவர் முதலில் மின்வண்டி ஒன்றைச் செய்தார் என்றும், சாளரத்திலிருந்த பொருள்களை விட்டுவிட்டு வண்டியையே மக்கள் விலைகேட்டனர் என்றும் கூறுவர். நத்தார் மரத்தடியில் வட்டமிடும் இரயில் அமெரிக்க இல்லங்களின் நினைவில் நிலைத்துவிட்டது இவ்வாறுதான்.

இந்த உலகில் இருவகை மாந்தர் உள்ளனர்: சேர்ப்பவர், ஓட்டுபவர். சேர்ப்பவரின் நெறிகள் விந்தையானவை. 1954இல் தோன்றிய இரயில் சேகரிப்போர் சங்கம் ஒரு வண்டியின் நிலையைப் படிகளாகத் தரம்பிரிக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றிருந்தபடியே உள்ள வண்டிக்கே முதலிடம். அது வந்த அட்டைப்பெட்டியும் சிதையாமல் இருந்தால் மதிப்பு மேலும் உயரும். பெட்டிக்குத் தனி விலையே உண்டு. 1957இல் லயனல் நிறுவனம் சிறுமியருக்கென இளஞ்சிவப்பு எஞ்சினும் வெளிர்நிறப் பெட்டிகளும் கொண்ட வண்டி ஒன்றை வெளியிட்டது. அது விலைபோகவில்லை. இரயில் வேண்டுமென்ற சிறுமியர் உண்மை இரயிலின் நிறத்தில்தான் அதை விரும்பினர் போலும். அன்று எவரும் விரும்பாததால் அது அரிதாயிற்று. அரிதானதால் இன்று சேகரிப்போர் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். மதிப்பு என்பது பொருளில் இருக்கிறதா, அதைத் தேடும் கண்களில் இருக்கிறதா என்ற பழைய வினாவிற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஓடினால் சக்கரம் தேயும். சக்கரம் தேய்ந்தால் மதிப்பு குறையும். ஆகவே ஓடாத வண்டியே உயர்ந்த வண்டி. இதனை வெறும் பேராசை என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. எவரேனும் காத்து வைத்திராவிடில் முந்தைய தலைமுறையின் கைவினை நமக்குக் கிடைத்திராது. ஆயினும், ஓடுவதற்கென்றே படைக்கப்பட்ட ஒன்றை ஒருபோதும் ஓடவிடாமல் போற்றுவதில், போற்றுதலோடு அச்சமும் கலந்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

ஓட்டுபவரின் வழி வேறு. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ‘டெல்டா லைன்ஸ்’ என்னும் கற்பனை இருப்புப்பாதையை அமைத்த ஃபிராங்க் எலிசன், 1940களில் எழுதிய கட்டுரைகளில் மாதிரி இருப்புப்பாதையை நாடக மேடையாகக் கண்டார். நிலக்காட்சி திரைச்சீலை, வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணையே கதை. வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருவதல்ல இரயில். ஓர் இடத்திலிருந்து ஓரிடத்திற்குக் காரணத்தோடு செல்வதே இரயில் என்ற எண்ணம் அவரைப் போன்றோரால் வேரூன்றியது. இதனை முறையாகப் பின்பற்றும் குழுவில், ஒவ்வொரு சரக்குப் பெட்டிக்கும் ஓர் அட்டை. அட்டையினுள் செருகிய சரக்குச் சீட்டு. எந்த ஊரில், எந்த ஆலையின் கிளைப்பாதையில் அப்பெட்டியை விடவேண்டும் என்பது அதில் இருக்கும். நான்கு மடங்கு வேகத்தில் ஓடும் தனிக் கடிகாரம் ஒன்று சுவரில் தொங்கும். பதினைந்து நிமிடத்தில் அங்கே ஒரு மணி கழியும். ஓட்டுநர் ஒருவர், வண்டி மேலாளர் ஒருவர், எதிர்வண்டிக்கு வழிவிடும் ஆணையைப் பிறப்பிப்பவர் ஒருவர் எனப் பணி பகிரப்படும். ஆணை வராமல் எவரும் நகரலாகாது. வெற்றுப் பெட்டியில் ஏற்றுவதற்கு உண்மையில் எதுவுமில்லை. எனினும் அது உரிய நேரத்தில் உரிய ஆலை வாசலில் நிற்கவேண்டும் என்பதற்காக, அலுவல் முடித்து வந்த மனிதர்கள் மாலை முழுவதும் முன்னும் பின்னுமாக ஷண்டிங் செய்கின்றனர்.

இது சிறுபிள்ளைத்தனமா? விளையாட்டைப் பற்றி 1938இல் தனி நூலே எழுதிய டச்சு வரலாற்றறிஞர் ஹுய்சிங்கா, தனக்கெனக் குறித்த இடமும் நேரமும் ஒழுங்கும் உடையதே விளையாட்டு என்றார். இங்கு நான் காண்பது, அதிகாரத்தை விரும்பி ஏற்படுத்திய ஓர் உலகில் மனிதன் தானே விரும்பிக் கீழ்ப்படிவதை. தன் பணத்தில், தன் வீட்டில், தன் கையால் கட்டிய உலகில் அவன் எதையும் செய்யலாம். மலையை நகர்த்தலாம், ஆற்றைத் தூர்க்கலாம். எனினும், கற்பனைச் சரக்கின் சீட்டிற்கு அவன் அடங்கி நடக்கிறான். நினைத்தபடி ஓட்டினால் அது பொய்யாகிவிடும் என்று அவன் உள்ளம் உணர்கிறது. உண்மைக்கு நேர்மையாக இருத்தல் என்பதே இப்பொழுதுபோக்கின் முதல் அறம். அதில் அளவு கடந்து செல்வோரை ‘ரிவெட் எண்ணுவோர்’ எனச் சக அன்பர்களே கேலி செய்வதுண்டு. ஒரு நிலக்கரி வண்டியின் பக்கத்தகட்டில் எத்தனை ரிவெட்டுகள் இருந்தன என்று பழைய புகைப்படங்களை உருப்பெருக்கி வைத்து எண்ணுபவர்கள் அவர்கள்.

ரிவெட்டை எண்ணுகிறவர்கள் மனிதரையும் எண்ணினார்களா?

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், பல்போவா பூங்காவினுள் 1982இல் திறக்கப்பட்ட மாதிரி இரயில் அருங்காட்சியகம் ஒன்றுள்ளது. அங்குத் தெஹாச்சப்பி கணவாய் எச்.ஓ. அளவில் பெருமுயற்சியோடு உருவாக்கப்பட்டுள்ளது. மலையேறும் பாதை ஏறத்தாழ முக்கால் மைல் வளையமாகச் சுழன்று, 77 அடி உயர்ந்து, தன்னைத்தானே கடந்து செல்லும் இடம் அது. நீண்ட சரக்கு வண்டியின் முகப்பு, தன் வாலின்மேலேயே ஏறிச் செல்லும். 1876இல் முடிந்த அந்த வளையத்தைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர். அதற்கு முன் சியரா நெவாடா மலைகளில் சென்ட்ரல் பசிபிக் பாதையை அமைத்தவர்களும் அவர்களே. 1,659 அடி நீளச் சிகரச் சுரங்கத்தைக் கருங்கல்லில் குடைந்து, 1866-67 பனிக்காலத்தில் பனிக்கடியிலேயே வாழ்ந்தனர். 1867 ஜூனில், வெள்ளைத் தொழிலாளருக்கு இணையான கூலியும் குறைந்த வேலை நேரமும் கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சார்ல்ஸ் குரோக்கர் உணவு வரத்தை நிறுத்தி அதை முறித்தார். 1869 மே 10ஆம் நாள் ப்ராமண்டரி சிகரத்தில் இரு பாதைகளும் இணைந்த விழாவின் புகழ்பெற்ற புகைப்படத்தில் அவர்களின் முகங்களைத் தேடிக் காண்பது அரிது. 1882இல் சீனர் குடியேற்றத்தையே தடுக்கும் சட்டம் வந்தது. அமெரிக்கத் தொழிலாளர் துறை தன் மதிப்புக் கூடத்தில் அவர்களுக்கு இடமளித்தது 2014இல்தான்.

மாதிரி அமைப்போர் 1950களின் இரயிலைக் காட்டும்போது, 1870களின் தொழிலாளரை ஏன் காட்டவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் 1950களும் வெறுமையான காலமன்று. நீராவியும் டீசலும் ஒரே நிலையத்தில் அருகருகே நின்ற காலம் என்பதனால், அமெரிக்க மாதிரியாளர் பலருக்கு அதுவே மிக விருப்பமான காலம். அதே காலத்தில் தென்மாநிலங்களில் ஓடிய பயணிப் பெட்டிகள் சிலவற்றின் நடுவே தடுப்புச்சுவர் இருந்தது. ஒருபுறம் வெள்ளையர், மறுபுறம் கறுப்பர். கறுப்பருக்கான பகுதி பெரும்பாலும் எஞ்சினுக்கு அண்மையில், புகையும் கரியும் விழும் இடத்தில் இருந்தது. 1892இல் லூயிசியானாவில் ஹோமர் பிளெஸ்ஸி வெள்ளையர் பெட்டியில் அமர்ந்ததற்காகக் கைதானார். 1896இல் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவினைக்கு ஒப்புதல் அளித்தது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் இரயில்களில் அதை ஒழிக்கும் ஆணை நடைமுறைக்கு வந்தது 1956 ஜனவரியில். ஆக, 1950ஆம் ஆண்டின் தென்மாநில இரயில் ஒன்றை முழு உண்மையோடு அமைப்பவர், தம் விரல்களால் தடுப்புச்சுவரை ஒட்டவேண்டும். வண்டியைக் கோக்கும்போது அப்பகுதியை எஞ்சின் பக்கமாகத் திருப்பி வைக்கவேண்டும். நிலையத்திற்கு இரண்டு காத்திருப்பு அறைகளும் கட்டவேண்டும்.

செய்யலாமா? விட்டுவிடுதல் பொய் என்பர் சிலர். பிறர் பட்ட அவமானத்தை அலங்காரப் பொருளாக்குதல் அதனினும் தீது என்பர் வேறு சிலர். இரண்டாம் கூற்றின் கூர்மையை நான் உணர்கிறேன். கறுப்பருக்கான காத்திருப்பு அறையை அங்குல அளவில் செதுக்கி, மேலே மாலைநேர விளக்கொளி பாய்ச்சி, அழகு பார்ப்பதில் ஒரு கூச்சம் எழத்தான் வேண்டும். எனினும் என் எண்ணம் முதற்கூற்றின் பக்கமே சாய்கிறது. பார்வைப் பொருளாக மட்டும் அது இருப்பின் அலங்காரம்தான். ஆனால் இவ்விளையாட்டில் கை வேலை செய்கிறது. அட்டவணைப்படி வண்டியைக் கோக்கும் ஒருவர், எந்தப் பகுதி எஞ்சினை நோக்கவேண்டும் என்று ஒரு கணம் நின்று எண்ணியாக வேண்டும்; எத்தனையோ இரயில் பணியாளர் ஒவ்வொரு நாளும் எண்ணாமலே செய்த அதே செயலை அவர் எண்ணிச் செய்வார். வரலாற்று நூலின் பத்துப் பக்கங்கள் சொல்லாத ஒன்றை அந்தக் கணம் சொல்லக்கூடும். சொல்லாமலும் போகக்கூடும், அது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது.

வறுமையைப் பற்றியும் இதே ஐயம் எழுகிறது. மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஜார்ஜ் செல்லியோஸ் என்பவர் உருவாக்கிய அமைப்பு 1930களின் பெருமந்தக் காலத்தைக் காட்டுவது: இடிந்த சுவர்கள், உரிந்த சுவரொட்டிகள், துருவேறிய தகரக் கூரைகள், நெருக்கியடித்த சந்துகள். அதன் படங்களைப் பார்ப்பவர் வியவாமல் இருக்க முடியாது. எண்பத்தேழில் ஒரு பங்கான அழுக்கு அழகாய் இருக்கிறது. அதில் நாற்றம் இல்லை. சிறிதாக்கும் கலையின் ஆற்றலும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான் உள்ளன. அந்தச் சந்தை வியந்தவர், தம் நகரின் உண்மைச் சந்து ஒன்றைக் கடக்கையில் இன்னும் கூர்ந்து பார்ப்பாரா, அல்லது வியப்பையெல்லாம் மேசையிலேயே செலவிட்டுவிடுவாரா?

சிறிய உலகம் பெரிய உலகினின்று தப்பியோட மட்டுமே பயன்படும் என்பாருக்கு மறுப்பாக ஒரு செய்தி. பாடகர் நீல் யங்கின் மகன் பெருமூளை வாதத்தோடு பிறந்தவர். பேசவும் கைகளை விரும்பியபடி அசைக்கவும் இயலாதவர். தந்தையும் மகனும் சேர்ந்து இரயில் ஓட்டுவதற்காக, பெரிய பொத்தான் ஒன்றை அழுத்தினாலே வண்டி இயங்கும் கருவியைத் தந்தை உருவாக்கச் செய்தார். அம்முயற்சி வளர்ந்து, 1990களில் லயனல் வண்டிகளின் தொலைக்கட்டுப்பாட்டு முறைக்கே வித்திட்டது. 1995இல் அந்நிறுவனத்தை வாங்கியவர்களுள் அவரும் ஒருவரானார். பெரிய உலகில் எதையும் தன் கையால் நகர்த்த முடியாத ஒருவருக்கு, தன் விருப்பத்தால் ஒரு வண்டி புறப்படுவதும் நிற்பதும் எத்தகைய நிகழ்வு! இங்கு ஆள்கை என்பது ஆணவமாகத் தோன்றவில்லை.

இறுதியாக, இந்த உலகங்களின் ஆயுள். கலிபோர்னியாவின் மாண்டரே நகரில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர் ஜான் ஆலன், ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்று ஒலிக்கும் பெயருடைய கற்பனை இருப்புப்பாதையை அமைத்தார். ‘குருதி தோய்ந்து தோல்வியுற்ற’ என்று பொருள்படும் அந்தச் சிலேடை அவருடைய நகைச்சுவைக்குச் சான்று. எஞ்சினுக்குப் பதிலாகப் பெட்டிகளை இழுக்கும் தொல்பல்லி ஒன்றையும் அவர் தம் பணியாளர் பட்டியலில் சேர்த்திருந்தார். வண்டிகளுக்குப் புதுமெருகு போக்கி, வெயிலும் மழையும் பட்டதுபோல் ஆக்கும் கலையில் அவரே முன்னோடி. தரையிலிருந்து எழுந்து நின்ற அவருடைய மலைகளைப் பார்த்து ஒரு தலைமுறையே இக்கலையைக் கற்றது. 1973 ஜனவரி 6ஆம் நாள் மாரடைப்பால் அவர் இறந்தார். பத்து நாள்களில் அந்த வீட்டில் பற்றிய தீ, அவ்வமைப்பில் பெரும்பகுதியை அழித்துவிட்டது.

அவர் எடுத்த புகைப்படங்கள் எஞ்சின. அவற்றைக் கொண்டு லின் வெஸ்ட்காட் எழுதிய நூல் 1981இல் வெளிவந்தது. மலைகள் போயின. ஆனால், ஒரு சிறு பலகையில் ஐந்து தடமாற்றிகளும் சில பெட்டிகளும் மட்டும் கொண்டு, மிகக் குறைந்த நேரத்தில் பெட்டிகளை உரிய இடத்தில் சேர்க்கும் புதிர் ஒன்றையும் அவர் வடிவமைத்திருந்தார். மலையோ ஆறோ அதில் இல்லை. அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் இன்றும் அப்பலகையைப் புதிதாகச் செய்கின்றனர். ஒருவர் ஓட்ட, மற்றவர் கடிகாரத்தைப் பார்த்தபடி அருகில் நிற்கின்றார்.